‘ஹை’ எந்த பாஷை?

பரளச்சிக்குத் தெற்கே ஒரு மைல் தள்ளியிருக்கிற சின்ன ஊரில், கோட்டைச்சாமி மகன் தவசி சொன்னதைக் கேட்கிற ஆள் ஒருத்தரும் கிடையாது. வீட்டில் அவன் கடைக்குட்டி, ஆகையால் எல்லாரும் அவனை ஏவுவார்கள், அவன் ஏவ ஆள் இல்லை. தெருநாயை ‘ச்சூ’ என்று விரட்டினால் அது எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் படுத்துக்கொள்ளும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செவலையைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

செவலை என்பது கோட்டைச்சாமியின் உழவு ஜோடியில் இடது பக்கத்து மாடு. வலது பக்கத்து மயிலை பரம சாது, யார் சொன்னாலும் நடக்கும். செவலை ஆள் பார்க்கும். கோட்டைச்சாமி மேழியைப் பிடித்துக்கொண்டு ‘ஹை’ என்றால் இரண்டும் கிளம்பும். தவசி பிடித்துக்கொண்டு ‘ஹை’ என்றால் மயிலை மட்டும் ஓர் எட்டு வைக்கும், செவலை நட்ட கல்லாக நிற்கும், நுகத்தடி கோணிக்கொள்ளும். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“மாடே ஒம் பேச்சக் கேக்க மாட்டேங்கு. நீ படிச்சு யார மேய்க்கப் போறடா?” என்பார் கோட்டைச்சாமி.

அந்தக் கேள்வி தவசியின் வயிற்றில் முள்ளாகக் கிடந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோதும் கூடவே வந்தது. கல்லூரியின் பேர் எதற்கு, எழுதினால் வழக்குப் போடுவார்கள். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு கல்லூரியில் படிக்கிற ஆம்பளைப் பிள்ளைகள் எல்லாரும் பட்டாளப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று வைத்திருந்த காலம் அது. முதல் ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பையன்கள் மைதானத்தில் தாறுமாறாக நடந்துகொண்டிருந்தார்கள். ஹவில்தார் அருஞ்சுனை ஓரமாக நின்று ‘தம்’ என்றார், ஒரே ஒரு தடவை. முந்நூறு பேரும் நின்றார்கள். தூக்கிய காலைக் கீழே வைக்கப் பயந்து ஒருவன் ஒற்றைக்காலில் நின்றான்.

தவசிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தியில் ‘தம்’ என்றால் நில் என்று பிறகுதான் தெரிந்துகொண்டான். ஆனால் தான் என்ன ஆக வேண்டும் என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆபீசர் ஆக வேண்டும்.

அதற்கு வழியும் இருந்தது. மூன்று வருஷம் பயிற்சி எடுத்து, கடைசியில் ‘சி’ சர்ட்டிபிகேட் பரீட்சையில் தேறினால், எழுத்துப் பரீட்சை இல்லாமல் நேரே தேர்வு போர்டுக்குப் போகலாம். எழுத்துப் பரீட்சை முழுக்க இங்கிலீஷ், அது தவசிக்கு ஆகிற காரியம் இல்லை. ஆகவே ‘சி’ கிடைத்தால் ஆபீசர், கிடைக்காவிட்டால் செவலை. நடுவில் வேறொன்றும் கிடையாது. அன்று முதல் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கால்கள் இடது வலது, இடது வலது என்று போய்க்கொண்டே இருந்தன.

பட்டாளத்துக்குத் தலைவர் கேப்டன் ராஜகுரு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரைதான் அவர் கேப்டன். மற்ற நேரங்களில் தாவரவியல் விரிவுரையாளர், பூவை அறுத்துக் காட்டுவார். இந்த நாலு மணி நேரத்துக்காகவே மிச்ச நாட்களை அவர் உயிர்வாழ்ந்துகொண்டிருந்தார் என்று தோன்றும். கக்கத்தில் ஒரு குட்டிப் பிரம்பு. அது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

முதலில் பூட்ஸ் கொடுத்தார்கள். தவசிக்குக் கிடைத்த இரண்டும் இடதுகால் பூட்ஸ். ஒன்று எட்டாம் நம்பர், இன்னொன்று பத்து. அவன் பயந்து பயந்து போய்ச் சொன்னான். கேப்டன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ‘பூட்ஸ், ஜோடி, ஒன்று’ என்று எழுதி, அதன் நேரே தவசி கையெழுத்தும் இருந்தது.

“பூட்ஸ் சர்க்காருடையது. கால் உன்னுடையது. எது எதற்கு அடங்கணும்? யோசி. ஆபீசராகப் போறவன் யோசிக்கணும்.”

தவசி யோசித்தான். கால் அடங்கியது. வலதுகால் கட்டைவிரல் நகம் மட்டும் அடங்காமல் ஐப்பசி மாதம் கழன்று விழுந்தது.

அடுத்தது உடுப்பு. காக்கிக் கால்சட்டைக்குக் கஞ்சி போட்டு, அதைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமல் தானாக நிற்க வேண்டும் என்பது கேப்டனின் விதி. ஞாயிறுதோறும் கால்சட்டைகளை வரிசையாக நிற்க வைத்துப் பிரம்பால் தட்டிப் பார்ப்பார். சாய்ந்த கால்சட்டைக்காரனுக்கு வருகை கிடையாது. அரிசிக்குக் கார்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. தவசி வீட்டில் கம்பங்கூழ், இல்லாவிட்டால் குதிரைவாலிச் சோறு. அரிசிக் கஞ்சி என்றால் யாராவது காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். அவன் அம்மா சந்தனம்மாள் காய்ச்சலுக்கென்று துணியில் முடிந்து பானையில் வைத்திருந்த அரிசியை எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே கால்சட்டையில் ஊற்றினாள்.

“காச்சக்காரிக்குத்தான் கஞ்சி குடுப்பாக. நான் கால்சட்டைக்குக் குடுக்கேன். இதுவாவது தெம்பா நிக்கட்டும்,” என்றாள்.

நின்றது. கேப்டன் நாலு தடவை தட்டியும் நின்றது. தவசிக்கு அம்மாவைக் கும்பிடத் தோன்றியது, ஆனால் அணிவகுப்பில் கையைத் தூக்க அனுமதி இல்லை.

இரண்டாம் வருஷம் ஆபீசர் வகுப்புக்கு ஆறு பேரைப் பொறுக்கினார்கள், தவசியும் ஒருவன். அங்கே கற்றுக்கொடுத்த முதல் வித்தை, கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடுவது. மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஆளுக்கொரு பீங்கான் தட்டு வைத்தார்கள். தட்டில் ஒன்றும் இல்லை. தவசி சுற்றுமுற்றும் பார்த்தான்.

“சாப்பாடு சாங்ஷன் ஆகலை. சாப்பிடும் முறைதான் சாங்ஷன் ஆகியிருக்கு. ஆரம்பிக்கலாம்,” என்றார் கேப்டன்.

ஆறு பேரும் அரை மணி நேரம் ஒன்றுமில்லாததை வெட்டி, குத்தி, மென்று விழுங்கினார்கள். தவசி விடுதியில் காலைப் பலகாரத்தைத் தவறவிட்டு ஓடிவந்தவன், ஆகவே சீக்கிரம் முடித்துவிட்டான். கேப்டன் தன் நோட்டில் ‘அவசரக்காரன், தட்டில் மிச்சம் வைக்கத் தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் கோடையில் திருச்சுழியில் முகாம். பாடம், ‘எதிரியின் கண்ணில் படாமல் ஆற்றைக் கடத்தல்’. குண்டாற்றில் சித்திரை மாசம் தண்ணீர் ஏது, இக்கரை முதல் அக்கரை வரை மணல்தான் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் பாடத்திட்டத்தில் ஆற்றின் ஆழம் பன்னிரண்டு அடி என்று போட்டிருந்தது. இருபது பையன்கள் மூங்கிலில் கட்டிய படகைத் தலைமேல் தூக்கி வந்து, மணலில் வைத்து, அதில் உட்கார்ந்து, துடுப்பால் மணலைத் தள்ளினார்கள். படகு நகரவில்லை. ஆற்றில் நீரோட்டம் எதிராக இருப்பதாகக் கேப்டன் விளக்கினார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். தவசியின் பத்தாம் நம்பர் பூட்ஸுக்குள் மணல் புகுந்து கடிக்க, அவன் படகைவிட்டு இறங்கி நின்று அதைக் கழற்றித் தட்டினான்.

“நீ மூழ்கிட்டே. அந்தப் பக்கம் போய்ப் படு,” என்றார் கேப்டன்.

தவசி போய் மணலில் படுத்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்து வந்தபோது அவன் தட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பட்டியல் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். அவன் காகிதம் வாங்கி, ‘தாங்கள் அறிய நான் உயிரோடிருக்கிறேன்’ என்று விண்ணப்பம் எழுதினான். கேப்டன் அதைப் படித்து, பிரம்பால் தொடையில் தட்டி யோசித்து, ‘மாலை நான்கு மணி முதல் உயிர் அனுமதிக்கப்படுகிறது’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்குத் தேநீர் மட்டும் கிடைத்தது.

இத்தனையும் தவசி சகித்துக்கொண்டது ஒரே ஒரு காரணத்துக்காக. பரீட்சையில் முப்பது பேரை அவன் கையில் கொடுத்து நடத்தச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிஷம் அவன் சொல்வதை முப்பது பேர் கேட்பார்கள். அதற்குக் குரல் வேண்டும், குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், தினமும் வெட்டவெளியில் கத்திப் பழகு என்று சொல்லியிருந்தார் ஹவில்தார் அருஞ்சுனை. விடுதியில் கத்தினால் செருப்பு வந்தது. ஆகவே லீவு விட்டு ஊருக்குப் போகும்போதெல்லாம் கத்தினான். ஊரில் அவனுக்கு வெட்டவெளி கிடைப்பது உழும்போது மட்டும்தான். மேழியைப் பிடித்துக்கொண்டு, மாட்டை மறந்து, எதிரே அடிவானத்தில் முந்நூறு பேர் நிற்பதாக நினைத்துக்கொண்டு, ‘சாவ்தான்’ என்று விறைப்பான், ‘தேஸ் சல்’ என்று கிளம்புவான், சால் முடிகிற இடத்தில் ‘பீச்சே முட்’ என்று திரும்புவான், ‘தம்’ என்று நிறுத்துவான். மூன்று வருஷத்து லீவும் இப்படியே போயிற்று. அவன் பாட்டுக்குக் கத்தினான், மாடு பாட்டுக்கு நடந்தது. செவலை தொந்தரவு கொடுப்பதை எப்போது நிறுத்தியது என்று அவன் கவனிக்கவே இல்லை. கூழ் தூக்கி வந்த சந்தனம்மாள் மட்டும் ஒருநாள் பதறிப்போய், மாட்டைப் பார்த்து ஏன்டா சாவுதான் சாவுதான் என்கிறாய், நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று வைதாள்.

மூன்றாம் வருஷம் தை மாதம் இடி விழுந்தது. இந்தி வேண்டாம் என்று நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த சமயம். இனிமேல் மாணவர் பட்டாளத்தில் இந்தியில் கட்டளை கொடுக்கக்கூடாது என்று மாநிலத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இந்தி அல்லாத எந்தக் கட்டளையும் கட்டளையாகக் கருதப்படமாட்டாது என்று மத்திய சர்க்காரிலிருந்து இன்னோர் உத்தரவு வந்தது. இரண்டும் ஒரே தபாலில் வந்தன. கேப்டன் இரண்டையும் தலைமேல் வைத்துக் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டு, மாணவர்களைக் கூட்டிப் பேசினார்.

“இரண்டு உத்தரவும் சரியானவை. உத்தரவு என்றாலே சரியானதுதான். ஆகையால் பரீட்சைக்கு வருகிறவர்கள் இந்தியிலும் கட்டளை கொடுக்கக்கூடாது, தமிழிலும் கொடுக்கக்கூடாது. இங்கிலீஷைப் பற்றி இரண்டு உத்தரவிலும் சொல்லவில்லை, சொல்லாததைச் செய்வது ஒழுங்கீனம். மற்றபடி உங்கள் இஷ்டம். குரல் மட்டும் தெளிவாக இருக்கணும்.”

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. தவசிக்குச் சோறு இறங்கவில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒன்பதாம் நாள் விடுதிக்குப் பின்னால் ஒருவன் வண்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். ‘ஹை’ என்றான், மாடு நடந்தது. ‘ஹோவ்’ என்றான், நின்றது. நாக்கை அண்ணத்தில் ஒட்டி ‘ளக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தான், திரும்பியது. தவசி நின்றுவிட்டான். இது தமிழா? இல்லை. இந்தியா? அதுவும் இல்லை. இது பாஷையே இல்லையே.

அவன் அணியில் முப்பது பேர். முக்கால்வாசிப்பேர் பரளச்சி, பந்தல்குடி, மானாவாரிக் காட்டுப் பிள்ளைகள், நடை பழகும்போதே அந்தச் சத்தங்களைக் கேட்டவர்கள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரே காலையில் பழகிவிட்டார்கள். ஹவில்தார் மூன்று வருஷமாக ‘முதலில் இடதுகால், இடதுகால்’ என்று தலையில் அடித்துக்கொண்டும், முப்பது பேரும் சேர்ந்தாற்போல இடதுகாலை எடுத்து வைத்ததே இல்லை. அன்றும் வைக்கவில்லை, ஆனால் கிளம்பினார்கள்.

பரீட்சை வாங்க வடக்கேயிருந்து ஒரு கர்னல் வந்தார். மற்ற ஐந்து பேரில் இருவர் கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டினார்கள், மூவர் வாயை மூடிக்கொண்டு அழுதார்கள். தவசி போய் நின்றான். அடிவயிற்றிலிருந்து ‘ஹை’ என்றான். முப்பது பேர் புறப்பட்டார்கள். ‘ளக்’ என்றான், திரும்பினார்கள். ‘ஹோவ்’ என்றான், நின்றார்கள். மைதானத்தில் காக்கை கத்துவது கேட்டது. அவன் சொன்னதை முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். தவசிக்குக் கண்ணில் நீர் முட்டியது, அவன் துடைக்கவில்லை. கர்னல் தலையை ஆட்டி, ‘கட்டளை தெளிவு, பாஷை தெரியவில்லை’ என்று எழுதினார். கேப்டன் பிரம்பை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார், அது அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மறுநாள் ஐயாத்துரை ஒரு புகார் கொடுத்தான். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறவர் மகன். மாணவர் சங்கத்துச் செயலாளர், இந்திக்கு எதிராக மூன்று ஊர்வலம் நடத்தியவன். ‘ஹை’ என்பது அப்பட்டமான இந்திச் சொல், இந்தியில் ஒவ்வொரு வாக்கியமும் அதில்தான் முடிகிறது, முப்பது தமிழ் மாணவர்களைத் தவசி இந்தியால் விரட்டியிருக்கிறான் என்பது புகார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேப்டன் கேட்டார். பம்பாய் வியாபாரத்துக்காக அவன் அப்பா வீட்டுக்குள்ளே வாத்தியார் வைத்து இந்தி சொல்லிக்கொடுத்து, அவன் இரண்டு பரீட்சை தேறியிருந்தான். ஐயாத்துரை அதை மறைக்கவில்லை. படித்தால்தானே எதிர்க்க முடியும் என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

‘ஹை’ எந்த பாஷை என்று முடிவாகும்வரை தவசியின் ரிசல்ட்டை நிறுத்தி வைத்தார்கள். கல்லூரி முடிந்தது. மற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். தவசி ஊருக்கு வந்து தபால்காரரை எதிர்பார்த்துப் பரளச்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். கார்த்திகையில் தேர்வு போர்டு, அதோடு அவனுக்கு வயசும் முடிகிறது. ஐப்பசிக்குள் சர்ட்டிபிகேட் வந்தாக வேண்டும். கடிதம் அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே என்று போய், கடைசியில் ஒரு முடிவு வந்தது. மேற்படி சொல் உழவர்கள் மாட்டிடம் புழங்கும் சொல்தானா என்று வருவாய்த்துறை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும்.

ஆவணியில் ஒரு மழை பெய்த மறுநாள் ஆர்.ஐ. சுப்புராஜ் வந்தார். கேப்டன் ராஜகுருவும் முழு உடுப்பில், கக்கத்தில் பிரம்போடு, பார்வையாளராக வந்தார். ஊரே வரப்பில் கூடிவிட்டது. மயிலையையும் செவலையையும் ஏரில் பூட்டி நிறுத்தியிருந்தார்கள்.

தான் ‘ஹை’ என்றால் செவலை நகராது என்பது அதைப் பார்த்ததும்தான் தவசிக்கு ஞாபகம் வந்தது. கோட்டைச்சாமிக்கும் தெரியும். அவர் முன்னால் வந்து, ஐயா, நான் சொன்னா இது நடக்கும், காலங்காலமா ஹைன்னுதான் சொல்றோம், நானே ஓட்டிக் காட்டுதேன் என்று கும்பிட்டார்.

“பெரியவரே, பரீட்சை எழுதுனது நீங்களா?” என்றார் ஆர்.ஐ.

“எம் மகன்.”

“அப்போ ஒங்க மாட்டுக்கு ஒங்க மகன் சொன்னாத்தான் செல்லும். நீங்க சொல்லி நடந்தா அது ஒங்க பாஷை. எனக்கு வேண்டியது மனுதாரர் பாஷை.”

தவசி மேழியைப் பிடித்தான். “ஹை,” என்றான். மயிலை ஓர் எட்டு வைத்தது. செவலை வைக்கவில்லை. நுகத்தடி கோணியது. “ஹை,” என்றான் மறுபடியும். செவலை காதை ஆட்டி ஈயை விரட்டியது. வரப்பில் யாரோ சிரித்தார்கள். ஆர்.ஐ. குறித்துக்கொண்டார். ஏழு தடவை சொன்னான், ஏழையும் அவர் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பிரம்பைத் தொடையில் அடித்து, மூன்று வருஷத்துப் பழக்கத்தில், “தவசி, சாவ்தான்!” என்றார்.

தவசி விறைத்து நின்றான். விறைத்து நின்றதும் அவனை அறியாமல் அடிவயிற்றிலிருந்து “தேஸ் சல்!” என்று வந்துவிட்டது.

இரண்டு மாடும் கிளம்பின. நுகத்தடி நேராக இருந்தது. சால் ஓடியது. தவசி பயந்துபோய் “தம்!” என்றான். செவலை டக்கென்று நின்றது. வரப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னான், நடந்தது. மாட்டைத் திரும்பும்படி சொல்லுங்கள் என்றார். ‘பீச்சே முட்’ என்றான், சுற்றித் திரும்பியது. மூன்று வருஷம் அடிவானத்தைப் பார்த்துக் கத்தியதை எல்லாம் செவலை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தவசிக்கு விளங்கியது.

“ஐயா, இது நான் பழகிக் குடுத்தது. இதுதான் இந்தி. ஹைதான் எங்க பேச்சு,” என்றான் அழாத குறையாக.

“தம்பி, நீங்க சொல்றத எழுத நான் வரல. மாடு சொல்றத எழுத வந்திருக்கேன். மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது, கட்சி கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. பத்தொம்பது வருஷ சர்வீஸுல இந்த மாதிரி ஒரு சுத்தமான சாட்சிய நான் விசாரிச்சதில்ல,” என்றார் சுப்புராஜ். மாட்டின் குளம்பு ரேகை எடுக்கலாமா என்றும் யோசித்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் விட்டுவிட்டார்.

அறிக்கை ஐப்பசியில் உத்தரவாக வந்தது. தபால்காரர் பரளச்சி ரோட்டிலேயே தவசி கையில் கொடுத்தார். ‘ஹை என்ற சொல் மேற்படி வட்டாரத்து மாடுகளுக்குத் தெரியவில்லை. அது இந்தியில் இருப்பதைப் புகார்தாரர் நிரூபித்துள்ளார். ஆகவே ஹை இந்தி. தேஸ் சல், தம், பீச்சே முட் ஆகியவை மேற்படி வட்டாரத்து மாடுகளுக்கு ஐயமறத் தெரிந்திருக்கின்றன. ஆகவே அவை பரம்பரை உழவுச் சொற்கள், இந்தி அல்ல. மாணவர் பட்டாளத்தில் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லை. பரீட்சையில் இந்தி உபயோகித்த மாணவர் தவசி தேறவில்லை.’

கல்லூரியில் அந்த ஞாயிற்றுக்கிழமையே அணிவகுப்பு மறுபடியும் ஆரம்பித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டான். பாஷைச் சிக்கலைத் தீர்த்து வைத்ததற்காக ராஜகுருவை மேஜர் ஆக்கினார்களாம். உழவுச் சொற்களைக் காப்பாற்றியதற்காக ஐயாத்துரைக்கு மாலை போட்டார்களாம்.

உத்தரவு வந்த மறுநாள் நல்ல மழை. அதற்கு அடுத்த நாள் விதைப்பு. விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைச்சாமி முன்னால் போக, தவசி ஏரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவனுக்கு அன்று ஒன்றுமே பிடிக்கவில்லை, மழையும்கூட. மேழியைப் பிடித்துக்கொண்டு ‘ஹை’ என்றான். செவலை நின்றது. ‘ஹை’ என்றான். நின்றது. மூன்று வருஷம், ஒரு கட்டைவிரல் நகம், அம்மாவின் காய்ச்சல் கஞ்சி எல்லாம் ஞாபகம் வந்தது. செத்தாலும் அந்தப் பட்டாள வார்த்தையை இனி வாயில் எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ‘ஹை’ என்றே சொல்லிக்கொண்டு நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பாதிக்காட்டை விதைத்துவிட்டார்கள்.

கோட்டைச்சாமி விதைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தார். வையப்போகிறார் என்று நினைத்தான், வையவில்லை.

“ஈரம் காஞ்சுக்கிட்டிருக்குடா. அவுக ஒன்னய விட்டுட்டாக, இந்த மாடு விடல. சொல்லிரு,” என்றார்.

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து “தேஸ் சல்!” என்றான்.

செவலை இடதுகாலை முதலில் எடுத்து வைத்தது.